மெயின்டெனன்ஸ் ஏற்றினால் சண்டை, ஏற்றாவிட்டால் லிஃப்ட் நிற்கிறது

கேள்வி: சென்னை பெருங்குடியில் 36 வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் குடியிருக்கிறோம். 2008-ல் கட்டியது. இரண்டு பிளாக், பிளாக்குக்கு ஒரு லிஃப்ட். வீடுகள் 850 முதல் 1,200 சதுர அடி வரை. மொத்தம் 36,000 சதுர அடி. போன பொதுக்குழுவில் என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். மெயின்டெனன்ஸ் பத்து வருடமாகச் சதுர அடிக்கு இரண்டரை ரூபாய். பி பிளாக் லிஃப்ட் நின்று மூன்று வாரம் ஆகிறது. இரண்டு லிஃப்டையும் சரிசெய்ய ஆறு லட்சம், மொட்டை மாடி ஒழுகலுக்கு ஐந்து லட்சம் என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. வங்கியில் 2.4 லட்சம்தான் உள்ளது. மெயின்டெனன்ஸை ஏற்றலாம் என்றதும், "ஒரு வாட்ச்மேனை வைத்துக் கூட்டிப் பெருக்க இவ்வளவா? சொத்து வரியும் கட்டுகிறோமே" என்று கத்துகிறார்கள். தரைத்தளத்துக்காரர் லிஃப்டுக்குத் தரமாட்டேன் என்கிறார். நான்கு பேர் ஏற்கெனவே பாக்கி. தண்ணீரை நிறுத்திவிடலாம் என்கிறார் செயலாளர். ராஜினாமா செய்துவிடலாமா என்று தோன்றுகிறது. என்ன செய்ய?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

ஆடிட்டர் பதில்:

ராஜினாமா வேண்டாம். கொட்டேஷன்களையும் ஒரு வருட வரவு செலவையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். பல வருடமாகச் சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்கிறேன். இந்த அளவுக்குத் தயாராக வந்து கேட்ட பொருளாளர்கள் குறைவு. உங்களை மாதிரி ஒருவர் அந்த நாற்காலியில் இருக்கும்போதே இதை முடித்துக்கொள்வது உங்கள் 36 வீடுகளுக்கும் நல்லது.

முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம். மாத வசூல் 90,000. இரண்டு ஷிஃப்ட் வாட்ச்மேனுக்கு ஏஜென்சி வாங்குவது 36,000. துப்புரவுக்கு 14,000, பொது மின்சாரம் 16,000, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் 7,000, தண்ணீர் லாரி சராசரியாக 8,000, பிளம்பர் எலக்ட்ரீஷியன் என்று சில்லறைச் செலவு 5,000. ஆக 86,000. கையில் நிற்பது நாலாயிரம். பாக்கிக்காரர்கள் நான்கு பேரும் ஒரே மாதத்தில் தராமல் போனால் அதுவும் இல்லை.

பத்து வருடத்துக்கு முன் ஒரு வாட்ச்மேனுக்கு ஏஜென்சி வாங்கியது ஒன்பதாயிரம் என்று உங்கள் பழைய நோட்டில் இருக்கிறது, இன்று பதினெட்டாயிரம். பொது மின் இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் மின் கட்டணம் மாறியபோது, அடுக்ககப் பொது விளக்கு, மோட்டார், லிஃப்ட் எல்லாவற்றையும் தனிக் கட்டணப் பிரிவுக்குக் கொண்டுபோய் யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கினார்கள். அடுத்த வருடம் குறைத்தபோது, மூன்று மாடிக்கு மேற்படாத, பத்து வீடுகளுக்குள் உள்ள, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும்தான் குறைத்தார்கள். உங்களுக்கு அது கிடைக்காது. இவ்வளவு ஏறியும் நீங்கள் வாங்குவது அதே இரண்டரை ரூபாய் என்றால், வித்தியாசம் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். கட்டடத்திலிருந்து வந்திருக்கிறது. நேரத்துக்குப் பெயின்ட் அடிக்காமல், மொட்டை மாடித் தட்டோட்டை மாற்றாமல், லிஃப்ட் கயிற்றைத் தள்ளிப் போட்டு வந்த பணத்தில்தான் பத்து வருடம் மெயின்டெனன்ஸ் ஏறாமல் இருந்தது.

பழைய கமிட்டியைக் குறை சொல்லாதீர்கள். நோட்டில் ஒரு ரூபாய்கூடத் தப்பாகப் போகவில்லை. "தீபாவளி, வாட்ச்மேன் 2,000" என்பதற்குக்கூட வவுச்சர் ஒட்டிவைத்திருக்கிறார்கள். பில்டர் ஆரம்பத்தில் வாங்கிக் கொடுத்த கார்பஸ், அதாவது சங்கத்தின் இருப்பு நிதி, ஒன்பது லட்சம், 2015 வெள்ளத்தில் மோட்டாருக்கும் பேனல் போர்டுக்கும், 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது லாரித் தண்ணீருக்கும், நடுவில் ஒருமுறை பெயின்டுக்கும் போய், மிச்சம்தான் இந்த 2.4 லட்சம். செலவழித்தது தப்பில்லை. திரும்பப் போட்டு நிரப்பவில்லை, அவ்வளவுதான் குறை.

"சொத்து வரியும் கட்டுகிறோமே" என்று கேட்பவருக்கு நியாயமான பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. உங்கள் கட்டடம் எழுந்தபோது பெருங்குடி ஒரு பேரூராட்சி. சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தபோதுதான், 2011-ல், உங்கள் பகுதி அதில் சேர்ந்தது. ஐ.டி. கம்பெனிகளும் அடுக்ககங்களும் முன்னால் வந்துவிட்டன. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் பின்னால் வந்தன. நடுவில் அத்தனை வருடம் போர் போட்டு, லாரிக்குப் பணம் கட்டி, கழிவை ஏற்றியனுப்பி, தெருவிளக்கு எரியாதபோது வாசலில் தாங்களே விளக்கு போட்டு, ஒரு ஊராட்சி செய்ய வேண்டியதைச் செய்தது உங்களைப் போன்ற சங்கங்கள். உங்கள் சங்கம் வருடத்துக்கு 10.8 லட்சம் வரவு செலவு செய்கிறது. அதில் நான்கைந்து பேர் சம்பளம் வாங்குகிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையோரம் இப்படி எத்தனை கட்டடம் என்று நினைத்துப் பாருங்கள். காவல், துப்புரவு, லிஃப்ட், தண்ணீர் லாரி என்று ஒவ்வொரு தொழிலும் இந்தச் சங்கங்களின் மாத வசூலை நம்பித்தான் நடக்கிறது.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் 1970-ல் வீட்டு உரிமையாளர் சங்கங்கள் ஏறக்குறைய பத்தாயிரம்தான் இருந்தன. இன்று மூன்றரை லட்சத்துக்கும் மேல். ஏழு கோடிக்கும் அதிகமானோர் ஏதோ ஒரு சங்கத்துக்குள் குடியிருக்கிறார்கள். நிலம் விலையேறியது ஒரு காரணம். இன்னொன்று நகராட்சிகளின் கஜானா. கலிஃபோர்னியாவில் 1978-ல் மக்களே வாக்களித்துச் சொத்து வரிக்கு உச்சவரம்பு வைத்தார்கள். கையில் பணம் இல்லாத நகராட்சிகள், புதிதாக வீடு கட்ட வருபவரிடம் சாலை, வடிகால், பூங்கா எல்லாம் நீயே போடு, அப்புறம் குடியிருப்பவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று தள்ளிவிட ஆரம்பித்தன. வரியும் கட்டி மெயின்டெனன்ஸும் கட்டும் வருத்தம் அவர்களுக்கும் உண்டு. மாநகராட்சியிடம் கேட்க வேண்டியதைச் சங்கமாகச் சேர்ந்து எழுதிக் கேளுங்கள். அதற்காக லிஃப்ட் காத்திருக்க முடியாது.

ஒரு கட்டடத்தின் கதையை உங்கள் பொதுக்குழுவில் சொல்லுங்கள். ஃபுளோரிடாவில் மயாமிக்குப் பக்கத்தில் சர்ஃப்சைட் என்ற ஊரில் கடலை ஒட்டி 12 மாடி, 136 வீடுகள் கொண்ட சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் என்ற அடுக்ககம் இருந்தது. 1981-ல் கட்டியது. 2018-ல் ஒரு பொறியாளர் பார்த்து, நீச்சல் குளத் தளத்தில் தண்ணீர் வடிய வழியில்லை, நீர்த்தடுப்பு போய்விட்டது, கீழே கான்கிரீட் சேதமாகிறது என்று எழுதிக் கொடுத்தார். கூட்டம் போட்டார்கள், சண்டை வந்தது, கமிட்டி உறுப்பினர்கள் பலர் விலகினார்கள். வருடங்கள் ஓடின. வேலைக்கான மதிப்பீடு ஒன்றரைக் கோடி டாலருக்கு வந்து நின்றது. வீட்டுக்கு 80,000 டாலரிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேல் கட்ட வேண்டும் என்று முடிவானது. முதல் தவணை 2021 ஜூலை 1. ஜூன் 24 அதிகாலை கட்டடத்தின் ஒரு பாதி இடிந்து விழுந்தது. 98 பேர் இறந்தார்கள்.

பணம் சேர்க்காததால்தான் இடிந்தது என்று நான் சொல்லவில்லை; நீச்சல் குளத் தளத்தின் வடிவமைப்பிலேயே குறை இருந்தது என்று விசாரணையில் வந்திருக்கிறது. நான் காட்ட விரும்புவது வேறு. அப்போது ஃபுளோரிடா சட்டப்படி, பெரிய பழுதுகளுக்கு என்று தனி நிதி சேர்ப்பதை உரிமையாளர்கள் பெரும்பான்மை வாக்கில் தள்ளிவைக்கலாம். பல சங்கங்கள் வருடா வருடம் அப்படித் தள்ளிவைத்தன. 2022-ல் புதுச் சட்டம் வந்தது: மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள பழைய கட்டடங்களுக்குக் கட்டாய ஆய்வு, கட்டமைப்புக்கான நிதியை வாக்களித்துத் தவிர்க்க முடியாது. அதனால் பழைய அடுக்ககங்களில் மாதக் கட்டணம் எகிறி, ஓய்வூதியத்தில் வாழ்ந்த பலர் வீட்டை விற்க வேண்டி வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியிருந்தால் அவர்களால் தாங்கியிருக்க முடியும். இருபது முப்பது வருடத்துத் தேய்மானத்தைக் கடைசியில் குடியிருந்தவர்கள் தலையில் மொத்தமாகக் கட்டினார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு.

இப்போது உங்கள் கட்டடத்துக்கு வருகிறேன். ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். லிஃப்ட் இரண்டையும் முழுதாக மாற்ற 24 லட்சம், இருபது வருடத்துக்கு ஒருமுறை: வருடத்துக்கு 1.2 லட்சம். வெளிப்பூச்சும் பெயின்டும் 10.5 லட்சம், ஏழு வருடத்துக்கு ஒருமுறை: 1.5 லட்சம். மொட்டை மாடி ஐந்து லட்சம், பத்து வருடம்: 50,000. ஜெனரேட்டர், மோட்டார், குழாய்கள் ஏழரை லட்சம், பதினைந்து வருடம்: 50,000. கூட்டினால் வருடத்துக்கு 3.7 லட்சம். மாதக் கணக்கில், சதுர அடிக்கு 86 காசு. விலைவாசி ஏறும் என்பதால் ஒரு ரூபாய் என்று வையுங்கள். ஆயிரம் சதுர அடி வீட்டுக்காரர் மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தர வேண்டும். உங்கள் கட்டடம் இன்றைக்குத் தேய்வதன் விலை இது. கட்டினாலும் கட்டாவிட்டாலும் அது தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது.

அமெரிக்காவில் வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே நிறுவனத்துக்கு நெடுநாளாக ஒரு விதி உண்டு: அடுக்ககச் சங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில் குறைந்தது பத்து சதவீதம் பெரிய பழுதுகளுக்கு ஒதுக்கியிருக்க வேண்டும். சங்கத்தின் கணக்கு சரியில்லை என்றால் அந்தக் கட்டடத்தில் வீடு வாங்குபவருக்குக் கடன் கிடைப்பதே சிரமம். உங்கள் கணக்கில் மிஞ்சும் நாலாயிரம், வசூலில் நாலரை சதவீதம்கூட இல்லை. நம் ஊரில் வங்கி இதைக் கேட்பதில்லை. வீடு பார்க்க வருபவர் கேட்கிறார். நின்ற லிஃப்டையும் மேல்கூரையில் பச்சையாகப் படர்ந்த ஈரத்தையும் பார்த்துவிட்டு அவர் குறைத்துக் கேட்கும் விலை, மாதம் ஆயிரம் ரூபாயைவிடப் பெரிதாக இருக்கும்.

உடனடித் தேவை 11 லட்சத்தில் 2.4 போக 8.6 லட்சம். சதுர அடிக்கு 24 ரூபாய்; ஆயிரம் சதுர அடிக்கு 24,000. இதை ஆறு தவணையில் வாங்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்துத் தவணை ஆக்குங்கள். காரணம் ஜி.எஸ்.டி. ஒரு உறுப்பினரிடம் மாதம் 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம் வரி வந்து நிற்கும். ஏற்றிய மெயின்டெனன்ஸ் வருடத்துக்கு 15.12 லட்சம், அதோடு இந்த 8.6 லட்சமும் ஒரே நிதியாண்டில் விழுந்தால் 20 லட்சம் தாண்டிவிடும். ஆறு தவணை என்றால் 1,200 சதுர அடி வீட்டுக்கு மாதம் 9,000 ஆகிறது. பத்துத் தவணையில் அதே வீட்டுக்கு மெயின்டெனன்ஸ் 4,200-ம் தவணை 2,880-ம் சேர்ந்து 7,080. எல்லைக்குள் நிற்கிறது.

வேலை வரிசையும் இதற்குப் பொருந்திவருகிறது. தையில் வசூலைத் தொடங்கினால், கையில் உள்ள பணமும் முதல் தவணையும் சேர்ந்து பி பிளாக் லிஃப்ட் உடனே ஓடும். ஏழாவது தவணையில், ஆடி மாதத்தில், மொட்டை மாடிக்குப் பணம் சேர்ந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன் வேலை முடியும். கடைசி மூன்று தவணை ஏ பிளாக் லிஃப்டுக்கு. அதற்குள் அந்த லிஃப்டை ஒருமுறை பரிசோதித்து, ஓட்டலாம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லிஃப்ட் சட்டப்படியான உரிமம் இரண்டுக்கும் புதுப்பித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்; நான் பார்த்த பல சங்கங்களில் அது காலாவதியாகித்தான் கிடந்தது.

பி பிளாக்கை முதலில் வைத்ததற்கு என் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. நங்கநல்லூரில் என் பெற்றோர் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். அங்கே லிஃப்ட் 47 நாள் நின்றது. யார் எவ்வளவு தருவது என்று மூன்று கூட்டம் நடந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி. அந்த 47 நாளும் கீழே இறங்கவில்லை. காலையில் பால்கனியிலிருந்து நைலான் கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் கூடையை இறக்குவார். பால்காரர் இரண்டு பாக்கெட்டைப் போட்டுக் கயிற்றை இருமுறை இழுத்துவிட்டுப் போவார். அம்மா கூடையை மேலே இழுக்கும்போது அது ஒவ்வொரு மாடிச் சன்ஷேடிலும் தட்டும். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் பி பிளாக்கில் எத்தனை பெரியவர்கள் மூன்று வாரமாக மேலேயே இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து, அந்த எண்ணிக்கையோடு கூட்டத்தைத் தொடங்குங்கள்.

தரைத்தளத்துக்காரரிடம் கோபப்படாமல் பேசுங்கள். அவர் பத்திரத்தில் உள்ள பிரிக்கப்படாத பாகம், அதாவது நிலத்தில் அவருக்குள்ள பொதுப் பங்கு, லிஃப்ட் நிற்கும் இடத்துக்கும் மொட்டை மாடிக்கும் சேர்த்துத்தான். லிஃப்ட் வேண்டாம் என்று அவர் ஒதுங்கினால், சம்ப்பில் வெள்ளம் புகுந்தால் எனக்கென்ன என்று மேல்மாடிக்காரர் ஒதுங்கலாம். 2015-ல் தரைத்தளத்தில் தண்ணீர் நின்றபோது மோட்டாருக்கும் பேனல் போர்டுக்கும் மேல்மாடிக்காரர்களின் கார்பஸும்தானே போயிருக்கிறது? அந்த வவுச்சரை எடுத்துக் காட்டுங்கள். நோட்டு உங்களிடம் இருப்பதன் பலன் இதுதான்.

தண்ணீரை நிறுத்துவது வேண்டவே வேண்டாம். குழந்தையும் பெரியவரும் இருக்கும் வீட்டில் தண்ணீரை மூடினால், பாக்கி வைத்தவர் பாதிக்கப்பட்டவராகவும் நீங்கள் குற்றம் செய்தவராகவும் மாறிவிடுவீர்கள். பாக்கித் தொகையை மாதவாரியாக எழுதிப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். துணைவிதியில் தாமதக் கட்டணம் இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் பொதுக்குழுவில் திருத்தம் கொண்டுவாருங்கள். வீட்டை விற்கும்போது சங்கத்திடம் பாக்கியில்லை என்ற கடிதத்தை வாங்குபவர் கேட்பார். அந்த நாள் வரும்வரை உங்கள் கணக்கு சுத்தமாக இருக்கட்டும். அதற்கும் மசியாதவருக்கு வழக்கறிஞர் நோட்டீஸ். அப்புறம் ஒன்று: நான்கு பேரில் இரண்டு வீடுகள் வாடகைக்கு விட்டவை என்று தெரிகிறது. மாதக் கட்டணம் வாடகைக்காரர் பொறுப்பாக இருக்கலாம், இந்த 24 ரூபாய் உரிமையாளருடையது. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்கு நேரடியாக மின்னஞ்சல் போடுங்கள். வாடகைக்காரரிடம் கேட்டால் அவர் எப்படித் தருவார்?

புதிதாகச் சேரும் ஒரு ரூபாய்க்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். தினச் செலவுக் கணக்கோடு கலந்தால் அடுத்த கோடையில் லாரித் தண்ணீராகக் கரைந்துவிடும். இரண்டு கையெழுத்து, பொதுக்குழுத் தீர்மானம் இல்லாமல் எடுக்க முடியாது என்ற கட்டுப்பாடு, மாதம் ஒருமுறை இருப்புத் தொகை அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும். நம்பிக்கை அந்தப் பலகையில்தான் வளரும். வைப்புத்தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டும்போது இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு டெபாசிட் காப்பீடு ஐந்து லட்சம் வரைதான். உறுப்பினர்கள் தரும் பணத்துக்கு வருமான வரி கிடையாது, தங்களுக்குத் தாங்களே தருவது என்பதால். வங்கி வட்டிக்கு உண்டு. பெங்களூர் கிளப் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. செல்போன் டவர் வைத்து வாடகை வாங்கலாம் என்று யாராவது கிளம்பினால், அதற்கும் வரி உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சங்கம் 1975-ம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறது என்கிறீர்கள். ஆண்டுக் கணக்கைப் பதிவுத்துறையில் ஒழுங்காகத் தாக்கல் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். 2022-ல் நிறைவேறி 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி என்ன மாற்றம் தேவை என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டடத்தை இடித்துக் கட்ட எல்லாருடைய சம்மதமும் வேண்டும் என்றிருந்தது. இந்தச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதும். உங்கள் கட்டடத்துக்கு அந்த நாள் வர இன்னும் வெகுகாலம் இருக்கிறது. ஆனால் 36 பேர் ஒரு லிஃப்டுக்கே ஒன்றாக உட்கார முடியவில்லை என்றால், பில்டரோடு பேரம் பேச எப்படி உட்காருவார்கள்?

சிறப்புப் பொதுக்குழுவுக்குத் துணைவிதியில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று இருக்கிறதோ அத்தனை நாள் கொடுங்கள். மூன்று கொட்டேஷன், அந்த நான்கு வரித் தாள், தவணை அட்டவணை, மூன்றையும் நோட்டீஸோடு ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள். மொட்டை மாடி ஒழுகலைக் கூட்டத்துக்கு முன் எல்லாரும் ஏறிப் பார்க்கட்டும். ஞாயிறு காலை பத்து மணிக்கு, பி பிளாக் வாசலில், அந்த நின்ற லிஃப்டுக்கு முன்னால் நாற்காலி போடுங்கள்.